முட்டம் பாறைக்கரையில் மாலை நேரக் கயாக்: எத்தனை மணிக்குத் திரும்புவது?

கேள்வி: பிப்ரவரி நடுவில் நண்பர்கள் ஆறு பேர் கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் போகிறோம். இருவர் உட்காரும் கயாக் (தாழ்வான சிறு துடுப்புப் படகு) மூன்று வாடகைக்கு எடுத்து, பாறைகளை ஒட்டியே போய், கடலில் இருந்தபடி சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். கயாக் பழக்கம் இருவருக்குத்தான். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: திட்டத்தில் இரண்டை மாற்றிவிடுங்கள். அஸ்தமனத்தைக் கரையில் நின்று பாருங்கள். பாறையை ஒட்டிப் போகாதீர்கள்.

முதலில் நேரம். பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் மறைவது 6.30 வாக்கில். நம் பக்கம் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேல் பெரிதாக நீடிக்காது. 6.55க்கெல்லாம் எதிரில் கறுப்பாகத் தெரிவது பாறையா, அலையின் நிழலா என்று பிரித்தறிய முடியாது. பொழுது சாயும்போது காற்றும் மாறும். பிற்பகலில் கரையை நோக்கி வீசிய கடல்காற்று அடங்கி, கரைக்காற்று எழும்பினால் அது உங்களை வெளியே தள்ளும். குன்றின் மறைவில் தண்ணீர் குளம் மாதிரி கிடப்பதால் இது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. முனையைத் தாண்டியதும்தான் உறைக்கும்.

எனவே 4.15க்கு இறங்கி 6.15க்குள் கரையேறுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டாம். போக 45 நிமிடம், வர ஒரு மணி நேரம், மீதி 15 நிமிடம் கையிருப்பு. பழகாதவர் உள்ள குழு மணிக்கு 3 முதல் 4 கி.மீ.தான் போகும். 5 மணி ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசினால் வடமேற்கே உள்ள கடியபட்டணம் பக்கம் போவது நல்லது: எதிர்காற்றைத் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம், திரும்பும்போது காற்று துணை, வெயிலும் முதுகுப் பக்கம்.

இனி பாறை. பலரும் கண்ணில் படும் அலையை வைத்துத் தூரம் கணிக்கிறார்கள். தவறு இங்கேதான் நடக்கிறது. ஆழம் அலை உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்குக்குக் குறையும்போது அலை உடையும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு பார், அதாவது நீருக்குள் மூழ்கிய பாறைத்திட்டு, கிடக்கிறது என்று வையுங்கள். 60 செ.மீ. அலைகள் சத்தமில்லாமல் அதைக் கடந்து போகும். நீங்களும் அதன் மேலேயே நிம்மதியாக நிற்பீர்கள். பிறகு 1.2 மீட்டர் உயரத்தில் அடுத்தடுத்து அலைகளின் ஒரு தொகுதி வரும். அதே இடத்தில் அது வெள்ளையாக உடைந்து கயாக்கைக் கவிழ்க்கும். ஆகவே இறங்குமுன் உயரமான இடத்தில் நின்று முழுதாகப் பதினைந்து நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய தொகுதி எங்கே உடைகிறதோ, அந்த நுரைக்கு வெளியே 30 மீட்டராவது தள்ளிப் போங்கள். கடலுக்குப் போய் வந்தவர்களிடம் பார் எங்கெங்கே கிடக்கிறது, இன்று நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

செங்குத்தான பாறையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு கலந்து படகை மேலும் கீழும் குதிக்கவைக்கும். புதியவர்கள் பயந்து துடுப்பைத் தூக்கிவிட்டுப் பக்கவாட்டைப் பிடித்துக்கொள்வார்கள், கவிழ்வது அப்போதுதான். துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை படகு நிலைக்கும். பழகிய இருவரும் ஒரே கயாக்கில் ஏறவே கூடாது.

கவிழ்ந்தால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கக் கூடாது, கடல் பக்கமாகவே இருங்கள். கயாக்கை நிமிர்த்தி, நடுப்பகுதியில் வயிறு படுகிற மாதிரி காலை உதைத்து ஏறி, பிறகு திரும்பி உட்கார வேண்டும். இதைக் கிளம்புமுன் மணல்கரை ஓரம் ஆறு பேரும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். செய்ய முடியாதவர் அன்று கரையில் இருக்கட்டும். இதில் முகதாட்சண்யம் வேண்டாம்.

இந்திய கடல்சார் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்பை அன்று காலையும் மதியமும் பாருங்கள். தொலைவிலிருந்து வரும் பெருஅலையின் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினாலோ, அலைகளுக்கு இடையிலான நேரம் 14 வினாடிக்கு மேல் போனாலோ இறங்க வேண்டாம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிக்கும். கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே மாதம் இதே கரையில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கவட்டைப் பட்டையோ இடுப்புப் பட்டையோ இறுக்கிக் கட்டி. அதில் ஒரு விசில். ஒரு லிட்டர் தண்ணீர். பழகியவரிடம் 10 மீட்டர் மிதக்கும் கயிறு, சட்டென்று கழற்றக்கூடிய கொக்கியோடு. போனை நீர்புகா உறையில் போட்டு உடம்பில் கட்டுங்கள், படகில் அல்ல. கயாக்கின் பின்முனையில் உள்ள வடிகால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே திருகிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் அரைமணி நேரத்தில் படகு கனத்து, காரணமில்லாமல் உருள ஆரம்பிக்கும். படகுக்கொரு வெள்ளை டார்ச்சும் தேவை. மாலையில் வெளியே போகும் ஃபைபர் வள்ளத்தின் கண்ணுக்குத் தாழ்ந்த கயாக் தெரியவே தெரியாது.

கரையில் ஒருவர் நேரத்தை எழுதி வைத்துக் காத்திருக்கட்டும். 6.30 வரை ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் அவர் யோசிக்காமல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டுக்கும் அழைக்க வேண்டும்.