எழுதிய எண் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: அப்பா நாதஸ்வரம் வாசிப்பதை உபுண்டு லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். நடுநடுவே 'டக்' என்று ஒலி அறுபடுகிறது. சிபியூ தூங்குவதுதான் காரணம், டெவ் ஃபோல்டரில் உள்ள 'சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி' ஃபைலில் எக்கோ கமாண்டால் 20 என்று எழுதினால் சரியாகும் என்றார் நண்பர். எழுதினேன். எர்ரர் வரவில்லை, சத்தமும் போகவில்லை.
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நண்பர் சொன்ன ஃபைல் சரிதான் அம்மா. ஆனால் அது எழுதியதை வைத்துக்கொள்ளும் நோட்டு இல்லை. 'சிபியூ விழிக்க இத்தனை மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகக்கூடாது' என்ற உங்கள் கோரிக்கை, ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) இருக்கும். எக்கோ எழுதிய கையோடு ஃபைலை மூடிவிடுகிறது, கோரிக்கையும் அப்போதே ரத்து. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். புரோகிராம் பாதியில் நின்றுபோனால்கூட ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். லேப்டாப் விடிய விடிய பேட்டரியைத் தின்றுகொண்டிருக்காது.

இன்னொன்று. எழுத்தாகக் கொடுத்த எண்ணை கர்னல் 16 அடிமானத்தில் படிக்கும். உங்கள் 20 அங்கே 2 × 16, அதாவது 32 மைக்ரோ விநாடி! எனவே பைதானில் சின்னதாக ஒன்று எழுதுங்கள்: ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் ஃபைலைத் திறந்து, எண்ணை நான்கு பைட்டாக எழுதி, பதிவு முடியும் வரை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.

எந்த எண்? சிபியூவின் தூக்கத்தில் பல ஆழங்கள் உண்டு. ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சம், விழிக்க நேரம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பது சிஸ் ஃபோல்டரில், சிபியூஐடில் என்பதற்குக் கீழே இருக்கிறது. ஹாஸ்வெல் என்ற இன்டெல் சிப் தலைமுறையைச் சேர்ந்த என் பழைய லேப்டாப்பில் 2, 10, 33, 133, 166 மைக்ரோ விநாடிகள். நான் 40 என்று கேட்டால் கர்னல் 33 வரை தூங்க விடும், அதற்கு மேல் விடாது.

வேறு புரோகிராம்களும் கேட்டிருக்கலாம். நாலு பேர் ஒரே காரில் சேலம் ஜங்ஷன் போகிறார்கள் என்றால் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டியவர் நேரத்துக்குத்தானே கிளம்ப வேண்டும்? அதேபோல இருப்பதிலேயே சிறிய எண்தான் செல்லும். அவர் வரவில்லை என்றால் அடுத்தவர் நேரம்.

தயவுசெய்து 0 மட்டும் எழுதாதீர்கள். போன மே மாதம் சேவாப்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் ஒரு வாய்ப்பாட்டுப் பதிவுக்கு அப்படித்தான் செய்தேன். சிபியூ கொஞ்சமும் தூங்காமல் சுற்றியது. சேலத்து வெயில் வேறு. அரை மணியில் சூடேறி, கர்னலின் வெப்பக் கட்டுப்பாடு அதிகபட்ச வேகத்தையே குறைத்துவிட்டது. எந்த 'டக்'கை விரட்டப் போனேனோ அதுவே திரும்பி வந்தது. அந்தப் பாட்டு போனது போனதுதான், இன்னும் மனசு ஆறவில்லை.

40-இலும் அறுபட்டால் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) அளவைப் பாருங்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது 64 சாம்பிள் பஃபர் என்பது 1.3 மில்லி விநாடிதான். அப்பா வாசிப்பதைப் பதிவு மட்டும் செய்வதற்கு 512 வைத்தாலும் ஒரு குறையும் வராது.