அப்பாவின் வலி

அன்புள்ள சார்,

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு காய் பறிக்கும்போது கிளை முறிந்து ஒருவர் விழுந்துவிட்டார். அப்பாதான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில்தான் தன் பாதம் கிழிந்து ரத்தம் ஓடுவதையே பார்த்தாராம். அதுவரை வலிக்கவே இல்லையாம். அதே அப்பா, பெங்களூரா மாங்காய் விலை படுத்துக் கடன் ஏறியதிலிருந்து முதுகுவலி என்கிறார். தோளில் கை வைத்தாலே துடிக்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான் என்கிறார் டாக்டர். நடிக்கிறார் என்கிறான் அண்ணன். எதை நம்புவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை நம்புங்கள். அன்று வலிக்காததும் உண்மை, இன்று வலிப்பதும் உண்மை.

ஆபத்து என்றதும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு பெரிய புரதம் துண்டாகிறது. ஒரு துண்டு, கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கும்படி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும் ஹார்மோன். இன்னொன்று பீட்டா எண்டார்ஃபின், மார்ஃபினைப் போல வேலை செய்வது. பதற்றமும் வலிமருந்தும் ஒரே புரதத்திலிருந்து வருவது எனக்கு இன்றும் வியப்புதான். மூளைக்குள்ளும் எண்டார்ஃபின் சுரக்கிறது. மூளைத்தண்டிலிருந்து வரும் நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், காலிலிருந்து ஏறும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே அடக்குகிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களை ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் விசாரித்தார். சுமார் முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். 1946இல் அதை எழுதி வெளியிட்டார்.

ஆனால் இது கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடு. கடன் அப்படியா? தவணை மாதாமாதம் வரும், படுத்தாலும் கணக்கு ஓடும். கார்ட்டிசாலுக்கு உடம்பின் அழற்சியைத் தணிக்கும் வேலையும் உண்டு. கவலை மாதக்கணக்கில் நீண்டால் செல்கள் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா ஓயாமல் விழித்திருக்கும். தண்டுவட நரம்புகள் சின்னத் தொடுதலைக்கூடப் பெரிதாக்கி மேலே அனுப்பும். ஸ்கேன் எலும்பையும் டிஸ்க்கையும் காட்டும். நரம்புகளின் இந்த மாற்றம் அதில் தெரியாது.

அந்த டாக்டர் சொன்னதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. எந்த வலியையும் மூளைதான் உணர்கிறது, புண்ணின் வலி உட்பட.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மற்றபடி பிசியோதெரபி உதவும். காலையில் தோப்புக்குள் அவரோடு மெதுவாக நடங்கள். தூக்கம் ரொம்ப முக்கியம், தூக்கம் கெட்டால் வலி ஏறும்.

அப்புறம், உங்கள் அண்ணன் ஒருநாள் கடன் நோட்டை எடுத்து அப்பாவோடு உட்காரட்டும். அடுத்த தவணையை யார் கட்டுவது என்று அன்றைக்கே பேசி முடியுங்கள்.