கேள்வி பதில்: இன்ஜினுக்குள் தங்கிவிடும் தண்ணீர்

ஏழு வருடப் பெட்ரோல் கார். கூலன்ட் (இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம்) மாற்றியதே இல்லை. குறையும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி வந்தேன். இப்போது டேங்கில் டீ டிக்காஷன் நிறத்தில் நிற்கிறது. வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஒருமுறை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதுமா?
– வாசகர், சேலம்

மாற்ற முடியும். ஆனால் ஒருமுறை வடித்தால் போதாது. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் ரேடியேட்டரில் உள்ளது மட்டும்தான் இறங்கும். இன்ஜின் பிளாக்கிலும், காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரிலும் இருப்பது அங்கேயே தங்கிவிடும். உதாரணத்துக்கு, மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் காரில் 3 லிட்டர் வெளியே வந்தது என்று வைத்துக்கொள்வோம். பழையது 2 லிட்டர், அதாவது 40 சதவீதம், உள்ளே நிற்கிறது. தண்ணீர் ஊற்றி ஓட்டி வடித்து (இது ஓர் அலசல்), மறுபடி நிரப்பினால் பழையதின் பங்கு 16 சதவீதம். இன்னொரு முறை செய்தால் சுமார் 6 சதவீதம். மூன்று அலசலுக்குப் பிறகு புதுக் கூலன்ட் ஊற்றும்போது 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். உங்கள் கார் இருக்கும் நிலைக்கு மூன்று அலசல் கட்டாயம்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே தொடங்குங்கள்; காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஒரு பழைய துணியை மூடிமேல் போட்டு, முதலில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அடியில் அகலமான பேசின் வையுங்கள். வடியும் திருகு பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இருக்கும். ஏழு வருட வெப்பத்தில் உடையும் பதத்துக்கு வந்திருக்கும். விரலால்தான் திருப்ப வேண்டும். அதிலுள்ள கருப்பு ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். திருகே இல்லாத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். கிளிப்பைப் பிளையரால் அமுக்கிப் பின்னால் தள்ளி, ஹோஸை இடவலமாக முறுக்கி இழுங்கள். ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பினால் குழாய் வாய் கீறிக்கொள்ளும், பிறகு அந்த இடம் என்றைக்கும் கசியும்.

வடிந்த அளவை லிட்டர் கணக்கில் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

திருகை மூடி, தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்திருக்காது. இன்ஜினுக்குள் இருப்பதும் ரேடியேட்டரில் இருப்பதும் கலக்காமலே, நீங்கள் ஊற்றிய தண்ணீரே திரும்ப வெளியே வரும். பார்க்கத் தெளிவாக இருப்பதால் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். ஒவ்வொரு அலசலுக்கும் நடுவே இன்ஜின் ஆற வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம், கோணலாகலாம். ஆகவே இது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வினிகர், எலுமிச்சை உப்பு போட்டு அலசும் வழக்கமும் உண்டு. இன்றைய ரேடியேட்டர்கள் அலுமினியம். அமிலம் அதை அரிக்கும். வெறும் தண்ணீரில் போகாத துரு இருந்தால், கார் ரேடியேட்டருக்கென்று விற்கும் கிளீனரை டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் விடாமல் பயன்படுத்துங்கள்.

நீங்கள் சொல்வதுபோல் அலசிவிட்டு, 'ரெடிமிக்ஸ்' கூலன்ட் 3 லிட்டர் ஊற்றினேன். மெக்கானிக் சோதித்துப் பார்த்து "தண்ணியா இருக்கு" என்கிறார். டப்பாவில் 50 சதவீதம் என்றுதானே போட்டிருக்கிறது?
– வாசகர், திருப்பூர்

மெக்கானிக் சொல்வது சரி. உங்கள் காரும் மேலே சொன்ன 5 லிட்டர் கார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி அலசலில் வடியாமல் நின்ற 2 லிட்டர் வெறும் தண்ணீர். நீங்கள் ஊற்றிய 3 லிட்டரில் பாதி, அதாவது 1.5 லிட்டர்தான் கிளைக்கால் (கூலன்ட்டின் மூலப்பொருள்); மீதி தண்ணீர். மொத்தம் 5 லிட்டரில் 1.5 என்றால் 30 சதவீதம். நம் ஊரில் உறைபனிக் கவலை இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. துரு தடுக்கும் மருந்துகளும் கிளைக்காலோடு சேர்ந்துதான் வருகின்றன. அவையும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டன.

தண்ணீரில் அலசினால் பிறகு ஊற்ற வேண்டியது தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட். மொத்தக் கொள்ளளவில் பாதியை, இங்கே 2.5 லிட்டரை, முதலில் ஊற்றுங்கள். மீதி இடத்துக்கு, இங்கே அரை லிட்டர், டிஸ்டில்டு வாட்டர். உள்ளே தங்கிய 2 லிட்டரோடு சேர்ந்து சரியாக 50 சதவீதம் வரும். கொள்ளளவு காரின் கையேட்டில் இருக்கும்.

நீங்கள் எல்லாவற்றையும் மறுபடி வடிக்க வேண்டாம். 1.5 லிட்டரை மட்டும் வடித்து, அதே அளவு கான்சன்ட்ரேட் ஊற்றி, ஃபேன் சுற்றும்வரை ஓட்டுங்கள். 50-க்கு வந்துவிடும். அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிளைக்காலுக்குச் சூட்டைச் சுமக்கும் திறன் தண்ணீரைவிடக் குறைவு. விகிதம் ஏற ஏற இன்ஜின் ஆறுவது மெதுவாகும்.

என்ன தண்ணீர் ஊற்றலாம்? போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, தாம்பரம்

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கேன் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஏ.சி. தண்ணீரில் உப்பு மிகக் குறைவுதான். ஆனால் காயிலில் ஒட்டிய தூசியும் பாசியும் சேர்ந்து வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். கடையில் கேட்கும்போது பேட்டரி ஆசிட்டை எடுத்துக் கொடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

சிக்கனமாகச் செய்ய ஒரு வழி: முதல் இரண்டு அலசலுக்கு உப்பு குறைந்த கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் போதும். மூன்றாவது அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள், ஏனென்றால் அந்த அலசலின் தண்ணீர்தான் வடியாமல் உள்ளே தங்கப்போகிறது.

பச்சைக் கூலன்ட்டோடு சிவப்பைக் கலக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

நிறம் வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்து இருக்கலாம். கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் துரு தடுக்கும் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகி அடைத்தும்விடும்.

கூலன்ட் மாற்றிய மறுநாள், சிக்னலில் நின்றபோது டெம்பரேச்சர் முள் ஏறியது. ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. டேங்க் நிறைந்துதான் இருக்கிறது. என்ன கோளாறு?
– வாசகர், கோயம்புத்தூர்

உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போய்ச் சேரவில்லை என்று பொருள். டேங்க் நிறைந்திருப்பது உள்ளே நிறைந்ததற்குச் சாட்சி ஆகாது.

காரின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜின் ஆறிய பின் மூடியைத் திறந்து, மேல் ஹோஸைக் கையால் பிசையுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும். சில கார்களில் காற்று வெளியேற்றவே ஒரு சிறிய திருகு உண்டு. குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்வரை அதைத் தளர்த்தி வையுங்கள். பிறகு மூடி திறந்தபடியே, ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்க, இன்ஜினை ஐடிலில் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது ஊற்றி நிரப்பி, மூடிவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை விடுங்கள். அடுத்த மூன்று நாள் காலையில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கும். ஃபேன் அருகே கை வைக்க வேண்டாம். இன்ஜினை அணைத்த பிறகும் அது தானாகச் சுற்றக்கூடும்.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் குமிழி நிற்காமல் வந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் பால்போல் வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகியுங்கள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

மூடியின் ரப்பரையும் பாருங்கள். 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி கசிந்தால் 50 சதவீதக் கூலன்ட்கூட 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும்.

"வெக்கை ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று கழற்றிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், வேலூர்

தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போக வைக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது; அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினையே சுற்றிவந்து, ஓவர்ஹீட்டை நீங்களே வரவழைத்ததாகும்.

சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன்மேல் 82 அல்லது 88 போன்ற எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறும்போது முழுதாக மூட வேண்டும். இல்லையென்றால் புதியது மாட்டுங்கள், கேஸ்கட்டையும் சேர்த்து.

வடித்த பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுவது?
– வாசகி, நாகர்கோவில்

சாக்கடையிலும் கொட்ட வேண்டாம், தென்னை மூட்டிலும் கொட்ட வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து சாகும். பேசினைத் திறந்தபடி விட்டு உள்ளே போகாதீர்கள். தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இறுக்கமான மூடி உள்ள கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ஆயிலோடு கலக்க வேண்டாம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி மயக்கம் வரட்டும் என்று காத்திராமல், கூலன்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.