டி.பி. டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் டே கேர் வேலை போய்விடுமா?

ஃபிரீமாண்டில் ஒரு டே கேரில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, ஹெச்4 விசாவில் இருப்பவர்கள் வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டையான ஈ.ஏ.டி.யும் கையில் இருக்கிறது, ஆனால் டி.பி., அதாவது காசநோய், இல்லை என்று சான்றிதழ் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "இந்தியாவில் பிறந்தவள் என்று சொன்னால் வேலை தராமல் போய்விடுவார்களா? பாசிட்டிவ் வந்தால் விசாவுக்குச் சிக்கலா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம் தங்கச்சி. நானும் இதே கலிஃபோர்னியாவில் இதே பயத்தோடு ஆரம்பித்தவள்தான்.

உங்களிடம் நீட்டப்போகும் உடல்நலப் பரிசோதனைப் படிவத்தின் பெயர் எல்.ஐ.சி. 503. நம் ஊர் ஆயுள் காப்பீடு ஞாபகத்துக்கு வந்தால் சிரித்துவிட்டு டாக்டரிடம் கொடுங்கள். டே கேர் மையத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது உண்டு. பரிசோதனை வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் எடுத்ததாக இருக்கலாம், இல்லையென்றால் சேர்ந்த 7 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். இருமல், இரவில் வியர்வை, எடை குறைவது, எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பிறந்த நாட்டை மறைக்காதீர்கள். இந்தியா என்றால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எந்த டெஸ்ட் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். அப்போது எனக்கு ஸ்கின் டெஸ்ட் எடுத்தார்கள். முன்கையில் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு மருந்து ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வரச் சொல்வார்கள். இரண்டாம் நாள் கொசு கடித்த மாதிரி அரிக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் போனால், நர்ஸ் ஒரு ஸ்கேலை வைத்துச் சிவந்த இடம் முழுவதையும் அளந்து 22 மி.மீ. என்று எழுதிவிட்டார். சிவப்பை அளக்கக் கூடாது, தடவிப் பார்த்தால் கெட்டியாகத் தட்டுப்படும் வீக்கத்தை மட்டும்தான் அளக்க வேண்டும் என்று டாக்டர் வந்து திருத்தினார். அவர் அளந்தபோது 12. புதிதாக வந்த நம்மைப் போன்றவர்களுக்கு 10 என்றாலே பாசிட்டிவ் கணக்குதான்! அன்று இரவு ஊருக்குப் போன் செய்தபோது, மாமியார் "தாம்பரம் சானடோரியத்துல சேர்க்கிற வியாதியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், பிறந்ததும் நமக்குத் தோளில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியே ஸ்கின் டெஸ்ட்டைக் குழப்பலாம். அந்தத் தழும்பு இருக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவதே நல்லது. குவான்டிஃபெரான் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பி.சி.ஜி. அதைப் பாதிக்காது, ஒரே தடவை போனால் போதும். எனக்கு அப்புறம் அதை எடுத்தபோது நெகட்டிவ். எக்ஸ்ரேயும் சுத்தம்.

இன்னொன்று. டே கேர் வேலைக்குத் தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். ஃப்ளூ ஊசி வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிடலாம். தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி போட வேண்டியிருந்தால் டி.பி. டெஸ்ட்டை அதே நாளில் அல்லது அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசியை முதலில் போட்டுக்கொண்டால் 4 வாரம் காத்திருக்க வேண்டும்.

சரி, ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்து, இருமல் காய்ச்சலும் இல்லையென்றால், கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது குழந்தைகளுக்குத் தொற்றாது. தொற்றும் நிலையில் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேலைக்குப் போகலாம். கிரீன் கார்டு மருத்துவச் சோதனையிலும் இதே ரத்தப் பரிசோதனைதான். தூங்கும் கிருமிக்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

ஆனால் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று அதோடு விட்டுவிடாதீர்கள். மருந்து எடுக்காமல் விட்டால், இப்படிப்பட்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு எப்போதாவது நோய் கிளம்பிவிடும். வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம், அல்லது தினமும் 4 மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிடலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த மருந்து அதன் வேலையைக் குறைத்துவிடும்.

செலவு? வேலைக்காகக் கேட்கும் மருத்துவப் பரிசோதனைக்கு உங்கள் கையிலிருந்து பணம் கேட்கக் கூடாது என்பது இந்த மாநிலச் சட்டம். நான் கூச்சப்பட்டுக்கொண்டு நானே கட்டினேன். நீங்கள் ரசீதை மேனேஜரிடம் கொடுங்கள். எக்ஸ்ரே எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட்டில் ஒரு பிரதியைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். அடுத்த வேலையிலும் அதைக் கேட்கலாம்.