படிப்பா, பந்தா? ஜேர்மனியிலிருந்து எழுதிய ஒரு தாயாருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகளுக்குப் பதினைந்து வயது, நடுக்களத்தில் விளையாடுகிறாள், ஒரு பெரிய கழகம் விடுதியோடு சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறது, தகப்பனார் "படிப்பா, பந்தா? ஒன்றைச் சொல்" என்று பிடிவாதமாக நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய பயத்தில் பிழையில்லை, கேள்வியில்தான் பிழை. இந்த நாட்டில் பெண்கள் உதைபந்தாட்டத்தின் உச்சிக்குப் போனவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு போனவர்கள்.

நீங்கள் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்திலேயே பிறந்த கெர்ஸ்ரின் கரஃப்ரெக்ஸைப் பாருங்கள். 1979 இல் இப்பன்பூரனில் பிறந்தவர், வலப்பக்க நடுக்கள ஆட்டக்காரி. பக்கத்து ஊரான ரைனவில் விளையாடிக்கொண்டே தேசிய அணிக்குள் வந்தார். 2003 உலகக் கிண்ண அரையிறுதியில் ஜேர்மனி அமெரிக்காவை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று வென்றபோது, 15 ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டது இவர்தான். அடுத்த வருடம் பிராங்பேர்ட் கழகத்துக்கு மாறி 2016 வரை அங்கேயே விளையாடினார். இரண்டு உலகக் கிண்ணம், இரண்டு ஐரோப்பியக் கிண்ணம், நாட்டுக்காக 130 ஆட்டங்கள், 43 கோல்கள்.

இவ்வளவும் இருந்தும் அவர் வேலை பார்த்தது பிராங்பேர்ட் மாநகரசபையின் நிதிப் பிரிவில். 2011 உலகக் கிண்ணத்தின் தொடக்க நாளில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கனடாவுக்கு எதிராகப் பத்தாவது நிமிடத்தில் கோல் அடித்து அந்த மைதானத்தையே எழுந்து நிற்க வைத்தவர், கந்தோரில் வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் ஒரு மாநகரசபை ஊழியர். தகப்பனாருக்கு இதை மட்டும் வாசித்துக் காட்டினாலும் போதும்.

"அது அந்தக் காலம், இப்போது எல்லாரும் முழுநேரம்" என்று மகள் சொல்லுவாள். அவள் சொல்வதும் உண்மைதான். உங்கள் மாநிலத்திலேயே கெவெல்ஸ்பேர்க்கில் பிறந்த லேனா ஓபர்டோர்ஃபின் படம் அவள் அறைச் சுவரில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். சிறு வயதில் ஆண் பிள்ளைகளின் அணியில் வளர்ந்து, பதினாறு வயதில் எஸ்ஸன் கழகத்துக்குப் போய், 2019 இல் பதினேழு வயது மாணவியாக உலகக் கிண்ணம் ஆடியவர். 2022 ஐரோப்பியக் கிண்ணத்தில் சிறந்த இளம் வீராங்கனை. 2024 ஜூலையில், ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது முழங்கால் சவ்வு கிழிந்தது. ஒலிம்பிக் போனது, ஒரு வருடத்துக்கு மேல் மைதானமும் போனது. திரும்பி வந்து கொஞ்ச நாளில், 2025 ஒக்ரோபரில், அதே முழங்கால் மறுபடியும். அவரிடம் பயேர்ண் மூனிச் என்ற பெரிய கழகத்தின் ஒப்பந்தம் இருக்கிறது, தாங்குவார். பதினேழு வயதில் இரண்டாம் அணியில் இருக்கும் பிள்ளைக்கு இது நடந்தால் என்ன செய்வது என்பதுதான் நாம் கதைக்க வேண்டியது. பெண்களுக்கு இந்தச் சவ்வு ஆண்களைவிட அதிகமாகக் கிழிகிறது. கழகத்தில் கேளுங்கள், 'ஃபீஃபா 11+' என்ற இருபது நிமிடப் பயிற்சியையோ அதைப் போன்ற ஒன்றையோ ஒழுங்காகச் செய்விக்கிறார்களா என்று. "ஓமோம், எல்லாம் செய்வோம்" என்று மழுப்பினால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

நியா கூன்ஸர் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நடுக்களத்திலும் பின்களத்திலும் ஆடியவர். 2003 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 88 ஆவது நிமிடத்தில் மாற்றாக இறங்கி, 98 ஆவது நிமிடத்தில் றெனாற்ற லிங்கோர் அடித்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே போட்டார். மேலதிக நேரத்தில் முதல் கோலோடு ஆட்டம் முடியும் விதி அப்போது இருந்ததால், அந்த ஒரு முட்டிலேயே ஜேர்மனி முதல் தடவையாகப் பெண்கள் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. ஆனால் அவருக்கு முழங்கால் சவ்வு மொத்தம் நான்கு தடவை கிழிந்தது. 2008 இல், இருபத்தெட்டு வயதில், ஆட்டத்தை விட்டார். அதற்காக வீட்டில் குந்தியிருக்கவில்லை. கல்வியியல் பட்டம் கையில் இருந்தது. கீஸன் மாவட்ட அரச நிர்வாகத்தில் அகதிகள் தொடர்பான பிரிவில் பொறுப்பான பதவிக்கு வந்தார், தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசினார், 2024 இலிருந்து ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் பெண்கள் பிரிவுக்கே பணிப்பாளர். விளையாடியதும் படித்ததும் சேர்ந்துதான் அந்தக் கதிரை கிடைத்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாட்டின் முதல்தரப் போட்டித் தொடரான பெண்கள் பூண்டஸ்லீகாவில் 2025-26 இலிருந்து 14 அணிகள். அணிக்கு இருபத்தைந்து பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் 350 இடம், அதிலும் வெளிநாட்டுக்காரிகள் கணிசம். ஆகவே அவள் போகட்டும், ஆனால் ஆபிடூர், அதாவது பல்கலைக்கழகம் போகத் தகுதி தரும் பள்ளி இறுதிப் பரீட்சை வரை படிப்பை விடுவதில்லை என்பதை முதலில் முடிவாக்குங்கள். கழகத்தோடு சேர்ந்து இயங்கும் பள்ளி எது, வெளியூர் ஆட்டத்தால் தவறும் பரீட்சையைத் திரும்ப எழுத விடுவார்களா, காயம்பட்டால் விடுதியில் இடம் தொடருமா, இவற்றைப் பயிற்சியாளரிடம் அல்ல, விடுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பயிற்சியாளர் அடுத்த வருடம் வேறு கழகத்தில் இருப்பார்.

ஆபிடூருக்குப் பிறகு வழிகள் உண்டு. ஹாகன் தொலைதூரப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்தில்தான். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பகுதிநேரமாகவும் செய்யலாம், காலம் கொஞ்சம் நீளும். இராணுவத்தின் விளையாட்டுப் பிரிவும் இருக்கிறது, அதற்கு ஜேர்மன் குடியுரிமை கட்டாயம். தேசிய அணிக்கும் அப்படித்தான். மகளுக்கு இன்னும் கடவுச்சீட்டு எடுக்கவில்லை என்றால் அந்த வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். தகப்பனார் ஆசைப்படும் மருத்துவம் மட்டும் உச்ச ஆட்டத்தோடு ஒத்துப்போவது மிகக் கடினம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை, விளையாட்டு முகாமைத்துவம், அரச நிர்வாகம் எல்லாம் ஒத்துப்போகும்.

அப்புறம், பதினெட்டு வயதுக்குள் எந்த ஒப்பந்தமும் பெற்றோர் கையெழுத்தில்லாமல் செல்லாது. முகவர் என்று யாராவது வந்து அவசரப்படுத்தினால், கடதாசியை வாங்கி வைத்துக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையெழுத்துப் போட முன்னர் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், பாடசாலை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.