சைக்கிள் மணலில் நிற்க வேண்டும்: ஒட்டுப்படக் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பழைய சைக்கிளை மொட்டை மாடியில் படமெடுத்து, தனுஷ்கோடி மணல்வெளிப் படத்தில் வைத்தேன். ஓரம் சுத்தமாக வெட்டியும் அந்தரத்தில் நிற்கிறது. ஏன்?

பதில்: வெட்டியதில் குறை இல்லை. கடல் கோட்டை, அதாவது கடலும் வானமும் சேரும் தொடுவானத்தைப் பாருங்கள். நின்றபடி, கேமராவை ஐந்து அடி உயரத்தில் பிடித்து எடுத்த மணல் படம் அது. சமதரையில் நிற்கும் எந்தப் பொருளையும் தொடுவானம் அதன் ஐந்தாவது அடியில்தான் கடந்து போகும். பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் இதே கணக்கு. உங்கள் ஹேண்டில்பார் மூன்றேகால் அடி இருக்கும். டயர் மணலைத் தொடும் புள்ளியிலிருந்து கடல் கோடு வரை உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குதான் அது எட்ட வேண்டும். உங்கள் படத்தில் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் போய்விட்டது. இன்னொன்று, மாடியில் உட்கார்ந்து எடுத்திருக்கிறீர்கள். சீட்டின் மேல்பக்கமே தெரியவில்லை. ஐந்து அடியிலிருந்து பார்த்தால் தெரியும். அளவைச் சுருக்கினால் இது சரியாகாது, சைக்கிளைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். மணல் படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு சாய்ந்து வருகிறதோ அதே நேரம் பார்த்து எடுங்கள்.

அப்புறம் நிழல். ட்ராப் ஷேடோ போட்டிருக்கிறீர்கள், பொருளின் உருவத்தையே கறுப்பாக்கிச் சற்றுத் தள்ளிப் பின்னால் வைக்கும் ரெடிமேட் நிழல். அது சுவரில் ஒட்டிய காகிதத்துக்கான நிழல். தரையில் நிற்கும் பொருளுக்கு ஆகாது. டயர் மணலைத் தொடும் இடத்தில் நிழல் கூர்மையாக, நன்றாகக் கறுத்து இருக்கும். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். அதனால் நிழல் விழும் இடம் பொருளிலிருந்து ஒரு மீட்டர் விலகினாலே ஓரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மங்கும். ஹேண்டில்பார் நிழலில் அந்த மங்கல் தெரிய வேண்டும். முழுக் கறுப்பும் வேண்டாம். வெயில் படாத இடத்திலும் வானத்தின் நீல ஒளி விழும். லேசான நீலச் சாம்பலை மல்டிப்ளை லேயரில் (அடியில் உள்ள படத்தை இருட்டாக்கும் அடுக்கு) போட்டு, அதே மணலில் உள்ள காலடித் தடத்தின் நிழலோடு ஒத்துப்போகும் வரை ஒபாசிட்டியை, அதாவது அந்த அடுக்கின் அடர்த்தியைக் குறையுங்கள். கடைசியாக, டயரின் அடியை மாஸ்க்கில் (படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை) ஒரு விரல் அகலம் மறையுங்கள். மணலில் சைக்கிள் கொஞ்சம் அமிழ்ந்துதான் நிற்கும்.

கேள்வி: ஃபோட்டோஷாப் இல்லை, இலவச மென்பொருளான கிம்ப் போதுமா?

பதில்: போதும். லேயர், மாஸ்க், மல்டிப்ளை, கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் கோடு) எல்லாம் அதில் உண்டு.

கேள்வி: கோத்தகிரி மலைச்சரிவில் தூரத்தில் ஒரு வீட்டை வைத்தேன். ஸ்டிக்கர் போல இருக்கிறது.

பதில்: தூரத்து மலையில் மிக இருட்டான இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பே இருக்காது. நடுவில் உள்ள காற்று அதை நீலச் சாம்பலாக்கிவிடும். உங்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் கறுப்பு இருக்கிறது. கர்வ்ஸில் இடது கீழ் முனையைத் தூக்குங்கள், நீலச் சேனலில் (நீல நிறத்தை மட்டும் மாற்றும் பகுதி) இன்னும் கொஞ்சம். மலைப்படத்தில் உள்ள நாய்ஸை (புள்ளிப் புள்ளியான சொரசொரப்பை) வீட்டிலும் சேருங்கள்.

கேள்வி: சென்னையில் நடுப்பகலில் எடுத்த மைதானம். நிழல் எந்தப் பக்கம்? ட்ராப் ஷேடோவுக்கு என்ன கோணம் வைக்கலாம்?

பதில்: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சியில், நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். மே முதல் ஜூலை வரை தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. எந்தக் கோணத்திலும் ட்ராப் ஷேடோ வேண்டாம்.

கேள்வி: இல்லாத பொருளை வைப்பது ஏமாற்று. இதைக் கற்றுத்தரலாமா?

பதில்: 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்களை இப்படிச் செய்தார். அன்றைய நெகட்டிவ் மற்ற நிறங்களைவிட நீல ஒளியை அதிகமாகப் பதிக்கும். கடலுக்கு ஏற்ற எக்ஸ்போஷர் (ஒளியை விழவிடும் அளவு) வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார்.

அதே வாசகர்: அவர் உண்மையான கடலையும் வானத்தையும் காட்டினார். சைக்கிள் தனுஷ்கோடிக்குப் போகவே இல்லையே?

பதில்: நியாயமான கேள்வி. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள், அகலப் படத்தை நெட்டு அட்டைக்குள் கொண்டுவருவதற்காக. பிரமிடு அங்கே இருந்தது உண்மைதான், ஆனாலும் தவறு. அந்த இதழை வாங்கியவர் அட்டையை நம்பி வாங்கினார், அவரிடம் சொல்லவில்லை. சைக்கிள் படத்தின் கீழே ‘ஒட்டுப்படம்’ என்று எழுதிவிட்டால் யாரையும் ஏமாற்றவில்லை. இயற்கைப் பிரிவுப் போட்டிக்கு மட்டும் அனுப்பவே கூடாது.

இன்னொருவர்: அப்படியானால் கறுப்பு வெள்ளைப் படமும் பொய்தானே?

பதில்: இல்லை. நிறம் எடுக்கப்பட்டது பார்த்தவுடன் தெரிகிறது. நல்ல ஒட்டுப்படம் தன்னைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் எழுதிச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ட்ராப் ஷேடோவை ப்ளர் செய்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எந்த ஃபோன் வாங்கலாம்?

பதில்: அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

சைக்கிள் வாசகர்: காலை வெயிலில், நின்றபடி திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். பார்க்கிறீர்களா?

பதில்: பார்த்தேன். சீட் தெரிகிறது, ஹேண்டில்பார் கடல் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது, ஆரக்கம்பிகளின் நிழல் கூட மணலில் விழுந்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். பின் டயரின் அடியில் மட்டும் நிழல் அரை விரல் விலகி நிற்கிறது. அதை ஒட்டிவிடுங்கள்.