பயனர் பெயரில் கெட்ட வார்த்தையைத் தடுக்க ஒரு பட்டியல் போதாதா?

கேள்வி இது: "சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குபவர்களின் பயனர் பெயரில் கெட்ட வார்த்தை வராமல் தடுக்க வேண்டும். ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதிலுள்ள சொல் வந்தால் பெயரை மறுத்துவிட்டால் போதாதா?"

போதாது. ஏன் என்று சொல்ல என் அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மாவின் பெயர் தனலட்சுமி. குளித்தலை பக்கத்தில் ஒரு கிராமத்தில் 34 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்குக் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தது அவர்தான். போன கோடையில் வெங்காய வடகம் போடுவதை வீடியோ எடுத்துப் போடலாம் என்று ஆசைப்பட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆட்காட்டி விரலால் தன் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 12 எழுத்து. தட்டி முடித்ததும் கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது: நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரில் அநாகரிகமான சொல் உள்ளது, வேறு பெயர் தரவும்.

அம்மா அதை ஒரு தடவை மனதுக்குள் படித்தார். அப்புறம் சத்தமாகப் படித்தார். அடுத்து என்னைப் பார்த்து, "எம்பேர்ல என்ன சாமி அநாகரிகம் இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 3-ஆவது எழுத்திலிருந்து 6-ஆவது வரை ஏ, என், ஏ, எல் என்று வரும். ஆங்கிலத்தில் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல், ஆபாசப் படங்களோடு சேர்ந்த சொல். பேத்தியை வைத்துக்கொண்டு அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "சர்வர் மக்கர் பண்ணுதும்மா" என்றேன். 34 வருடம் சின்னப் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்தவர், அவர் நம்பவில்லை.

சரி, தமிழிலேயே போடுவோம் என்று தனலட்சுமி என்று தட்டினோம். 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் த, ன, ல எல்லாம் 'எழுத்து' என்ற வகை. ட் மேல் வைக்கும் புள்ளி, சு-வின் உகரக் குறி, மி-யின் கொக்கி ஆகிய மூன்றும் 'குறி' என்ற வேறு வகை. 'எழுத்தும் எண்ணும் மட்டும் வரலாம்' என்று நிரலில் ஒரு வரி எழுதுகிறவர் குறிகளைச் சேர்க்க மறந்தால், புள்ளியும் கொம்பும் உள்ள எந்தத் தமிழ்ப் பெயரும் உள்ளே போகாது. உங்கள் நிரலில் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியில் தனம் என்று போட்டுக் கணக்குத் தொடங்கினோம். மூன்றாம் நாள் வடகம் வீடியோவுக்குக் கீழே ஒருவன் கருத்துப் போட்டிருந்தான். அவனுடைய பயனர் பெயரே, தாயைச் சொல்லித் திட்டும் தமிழ் வசவு, ஆங்கில எழுத்தில், முழுசாக. அதை எந்த வடிகட்டியும் தொடவில்லை. அம்மா வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தார்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். "தனலட்சுமி வடமொழிப் பெயர்தானே, தூய தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வருமா" என்பார்கள். அனல், கனல், தணல், மணல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நாலும் மாட்டும். கனல் என்று தொடங்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்த பிள்ளைகளும் மாட்டுவார்கள், சென்னை மணலியில் இருப்பவர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டால் அவரும் மாட்டுவார். "ஸ்பெல்லிங்கை மாற்றினால் போச்சு" என்பவர்களுக்கு: டி-யில் தொடங்கினாலும் டி.ஹெச்-சில் தொடங்கினாலும், கடைசியில் எக்ஸ் போட்டாலும், நடுவில் அந்த நாலு எழுத்து அப்படியேதான் இருக்கும். ரக்ஷிதா, ஹர்ஷிதா, லக்ஷிதா என்று பெயர் வைத்தவர்களுக்கு எஸ், ஹெச், ஐ, டி, ஆங்கிலத்தில் மலத்தைச் சொல்லும் வசவு. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் பெயரிலும் அதே நாலு எழுத்து வருகிறது.

இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்தில் 2-ஆவதிலிருந்து 5-ஆவது வரை ஒரு மோசமான சொல். 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க முடியவில்லை. கணினித் துறையில் இந்தக் கோளாறுக்கே அந்த ஊரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 2006-இல் யாஹூ, 'அல்லா' என்ற எழுத்துவரிசை பயனர் பெயரில் வரக்கூடாது என்று தடுத்து வைத்திருந்ததால், காலஹன் என்ற ஐரிஷ் குடும்பப் பெயர்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். செய்தி வெளியான பிறகு தடையை எடுத்தார்கள். 2020-இல் முதுகெலும்புள்ள உயிரினங்களின் புதைபடிவங்களை ஆராய்பவர்கள் இணையவழியில் மாநாடு கூட்டியபோது, கேள்வி கேட்கும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'எலும்பு' என்று எழுதவே வடிகட்டி விடவில்லை, அந்தச் சொல்லுக்குக் கொச்சையில் ஆபாசப் பொருளும் உண்டு என்பதால். எலும்பை ஆராயத்தான் கூடியிருந்தார்கள்.

நான் வடிகட்டியே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலையை நானே செய்தவன். கோவையில் ஒப்பந்த ஊழியனாக 2 வருடம், ஒரு தளத்துக்கு வரும் தமிழ்ப் பயனர் பெயர்களையும் புகார்களையும் பார்த்து முடிவு சொல்வது என் வேலை. (அம்மாவை மறுத்த தளம் அல்ல, வேறு ஒன்று.)

எங்களிடம் கொடுத்த தமிழ்ப் பட்டியல், ஆங்கிலப் பட்டியலை அகராதி வைத்து மாற்றியது. அதில் 'கழுதை' இருந்தது. பிள்ளையைக் கொஞ்சும்போதுகூட வீட்டில் வருகிற சொல் அது. அதே சமயம் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் காதில் விழுகிற ஐந்தாறு சொற்கள் அதில் இல்லவே இல்லை. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து சேர்த்தோம். குழுவில் இரண்டு பெண்கள் இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டுவார், அடுத்தவர் அதன் கீழே இன்னொரு எழுத்துக்கூட்டலைத் தட்டுவார். அப்படியே இரண்டு நாள் ஓடியது.

சேர்த்த பிறகுதான் தமிழுக்கே உரிய சிக்கல் தெரிந்தது. பள்ளியில் பெரும்பொழுது ஆறு படித்திருப்பீர்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இரண்டாவது பொழுதின் கடைசி 'ர்' இல்லாமல் பாருங்கள், நான் எழுதமாட்டேன். ஐப்பசி கார்த்திகையின் பெயர் அது. திருச்சி பக்கம் திருவெள்ளறையில் இருக்கும் பெருமாள் புண்டரீகாட்சர், அந்தக் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புண்டரீகம் என்றால் தாமரை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் அந்தப் பெயர்க்காரர்கள் உண்டு. வசவின் வேரை மட்டும் வெட்டிப் பட்டியலில் வைத்தால் அவர்கள் எல்லாரும் அநாகரிகமானவர்கள் ஆகிவிடுவார்கள். மயிர் என்ற சொல்லைத் தடுத்தால் மயிரிழை போகும், மயிர்க்கூச்செறிதல் போகும், 969-ஆவது குறளும் போகும்.

ஆங்கிலத்தில் 'முழுச் சொல்லாக வந்தால் மட்டும் தடு' என்று விதி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பயனர் பெயரில் அது எடுபடாது, இடைவெளியே இல்லாமல் எல்லாவற்றையும் ஒட்டித்தானே எழுதுகிறார்கள். தமிழில் கேட்கவே வேண்டாம், வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து ஒரே சொல் இருபது உருவத்தில் வரும்.

திட்ட வேண்டும் என்று வருபவனுக்கோ வழி நிறைய. தமிழ் எண்களைப் பாருங்கள்: ௧ என்பது க மாதிரி, ௨ என்பது உ மாதிரி, ௭ என்பது எ மாதிரி, ௮ என்பது அ மாதிரி. எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டால் நம் கண்ணுக்குக் கெட்ட வார்த்தை, கணினிக்கு ஒன்றும் இல்லை. கொ-வில் க-வோடு சேரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கண்ணுக்கே தெரியாத, அகலமில்லாத எழுத்து ஒன்றை நடுவில் சொருகுபவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நீங்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் வசவுக்குத் தனிப் பட்டியல் வேண்டும், அதில் இரட்டித்து வரும் எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டுத் தேடுங்கள். இதை நம் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தான் செய்ய முடியும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. ஒரு நாள் வந்த புகாரில் இருந்த பயனர் பெயரில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஒரு பெண்ணின் பெயர், அவள் தினமும் ஏறும் பேருந்தின் எண், கடைசியில் ஒரு விலை. அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் புகார் கொடுத்திருந்தார். அது எங்கள் வரிசையில் 11 நாள் கிடந்திருக்கிறது. அந்த 11 நாளும் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றால், பட்டியல் பிடித்துத் தள்ளிய தனலட்சுமிகளையும் ஹர்ஷிதாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவித்துக்கொண்டிருந்தோம். தப்பான பட்டியல் நல்ல பெயரைத் தடுப்பதோடு நிற்பதில்லை, பார்க்க வேண்டியதைப் பார்ப்பவர்களின் நேரத்தையும் தின்றுவிடுகிறது. அந்தப் பெயரை நீக்கிய அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

நீங்கள் சின்ன அளவில் புதிதாக ஒரு தளம் செய்கிறீர்கள், ஆள் போட்டுப் பார்க்கப் பணமில்லை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதையாவது செய்யுங்கள். பட்டியலில் சிக்கும் பெயரை அந்த இடத்திலேயே மறுக்காதீர்கள். கணக்கைத் திறக்க விடுங்கள், பெயரை மட்டும் ஒருவர் பார்க்கும்வரை மற்றவர்களுக்குக் காட்டாமல் வையுங்கள். நம் ஊரில் புழங்கும் பெயர்களைக் கொண்டு விலக்குப் பட்டியல் ஒன்று போடுங்கள். ஆயிரம் பெயரைச் சேர்த்தாலே பாதித் தொல்லை குறையும், அதை உங்கள் சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்தே தொடங்கலாம். மற்றவர்கள் கொடுக்கும் புகாரைத் தனி வரிசையில் வைத்து முதலில் பாருங்கள். அப்புறம் அந்தச் சிவப்பு வரி. 'அநாகரிகமான சொல் உள்ளது' என்று எழுதாதீர்கள். 'உங்கள் பெயரை எங்கள் கணினியால் சரிபார்க்க முடியவில்லை, ஒருவர் பார்த்துச் சொல்வார்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு பெயருக்கு இவ்வளவு பெரிய பதிலா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அம்மாவுக்கு இந்தப் பெயரால் வந்த அலைச்சல் இதோடு முடியவில்லை. ரேஷன் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. மூன்றிலும் அவராகத் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை, எழுதிய ஆள் எப்படித் தட்டினாரோ அப்படி. இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். போன வருடம் ஒரு வங்கிக் கிளையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். 'இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் பணம் அவர் கைக்கு வந்தது. 34 வருடம் வருகைப் பதிவேட்டில் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டவர், தான் யார் என்பதற்கு முத்திரைத்தாள் வாங்க வேண்டியிருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தச் சிவப்பு வரியைப் படித்தபோது அவர் முகத்தில் தெரிந்தது அதே வங்கி வாசலில் நின்றபோது இருந்த முகம்.

அந்தச் செயலிக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது. போன மாதம் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே சிவப்பு வரிதான். அம்மா இப்போதும் தனம் என்ற பெயரில்தான் வீடியோ போடுகிறார், மோர் மிளகாய் வரைக்கும் வந்துவிட்டார். என் மகள் இன்னும் சில வருடத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்குவாள், அவள் பெயர் ரக்ஷிதா.

உங்கள் தளம் தயாரானதும் இங்கேயே சொல்லுங்கள். அம்மாவின் 12 எழுத்தையும், அப்புறம் தமிழிலும், நானே தட்டிப் பார்த்துவிட்டு என்ன வருகிறது என்று எழுதுகிறேன்.